தாம்பாளத்தில் வைத்த லட்சம்

அப்புத்தளை,
ஞாயிற்றுக்கிழமை.

தனுஜா அப்பாவுக்கு,

வேளாவேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் அலையாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. போனில் பேசினால் உங்கள் அக்கா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார். அதனால்தான் நாளைக்குக் கட்டாருக்குத் திரும்பும் இப்றாஹீமிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

தனுஜாவுக்குப் பரிசம் போட்ட அன்று மாப்பிள்ளை சுரேஸ் வீட்டார் தாம்பாளத்தில் ஒரு நோட்டு வைத்ததை உங்களிடம் சொன்னோமே, அவன் லெபனானில் வேலை செய்து கொண்டுவந்தது என்று. ஒன்றுக்குப் பின்னால் ஐந்து சைபர். ஐயாயிரம் ரூபாய் நோட்டுக்கு மேல் பார்த்திராத கூட்டம் அல்லவா, வாயைப் பிளந்தது. உங்கள் அக்கா அங்கம்மா, "வெளிநாட்டு லட்சம்டி, நம்ம காசுக்கு எத்தனை லட்சமோ!" என்று என் தொடையில் கிள்ளினார். சம்பந்தி வீட்டார் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தச் சூட்டிலேயே சீதனமாக ஓட்டோ கேட்டார்கள். நீங்களும் போனிலேயே வாக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. மறுநாள் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அந்த நோட்டை எல்லாருக்கும் காட்டிப் பீற்றிக்கொண்டேன். நினைத்தால் என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமை பண்டாரவளையில் காசு மாற்றும் பஸீல் நானாவிடம் அதைக் கொண்டுபோனேன். "அந்த நாட்டுக் காசு விழுந்து வருசக்கணக்காச்சு தங்கச்சி. இது நம்ம காசுக்கு முந்நூறு சொச்சம் வரும். அதையும் இங்க யாரும் வாங்க மாட்டாங்க" என்றார்.

நேரே சம்பந்தி வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளையின் அம்மா கொஞ்சமும் கூசாமல், "லட்சம்னுதானே போட்டிருக்கு? சைபர் குறைஞ்சிருந்தா சொல்லுங்க" என்கிறார். மாப்பிள்ளை போனை நோண்டிக்கொண்டே சிரித்தான். முறைக்கு நூற்றியொரு ரூபாய் வைத்திருந்தால் கண்ணில் ஒற்றி வாங்கியிருப்பேன். இல்லாதவர்கள் நாமும்தான். தெரிந்தே ஏய்த்துவிட்டு அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைக்கிறார்களே, சீ!

உங்கள் அக்காவோ, "வெளிய சொல்லாத, நம்ம மானம்தான் போகும். தை மாசம் கல்யாணம் நடக்கட்டும்" என்கிறார். அந்த ஓட்டோவுக்காக நீங்கள் இன்னும் இரண்டு வருடம் அங்கே வேக வேண்டும் என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

தனுஜா முன்பள்ளிக்குப் போகிறாள், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறாள், வருகிறாள். நேற்றுத் தலை வாரிவிடும்போதுதான் கேட்டாள்: "அப்பா வாக்குக் குடுத்துட்டாரு. இனி மாத்தவே மாட்டாராம்மா?"

கடிதம் கிடைத்த அன்றே அவளைக் கூப்பிடுங்கள். முன்பள்ளி விடும் நேரம் பார்த்துக் கூப்பிட்டால் தனியாகப் பேசலாம். அந்தக் கல்யாணம் வேண்டாம் என்று ஒரு வார்த்தை, உங்கள் வாயால் சொல்லுங்கள். ஊர் பேசுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஓட்டோ வாங்க வேண்டியதில்லை என்றால், இந்தச் சித்திரைக்கே நீங்கள் ஊருக்கு வந்துவிடலாம்தானே.

முருகன் உங்களைக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
ரெங்கம்மா