ஒரு கைக்குத் திறக்காத கத்தி

ஜனவரி 8, 1958. புதன். தேவிபட்டினம்

காலையில் மேகம். தூறல் இல்லை. வாடைக்காற்று விடாமல் அடிக்கிறது. இடது கைத் தழும்பில் குடைச்சல். வெந்நீர் ஒத்தடம். பிறகு வேலி அடைப்பு, பாதிதான் முடிந்தது.

மதியம் பரமக்குடி பஸ்ஸில் ஆமினாவின் அண்ணன் சிக்கந்தர் மச்சான் வந்து இறங்கினார். (இனி சி.ம. முழுப் பெயர் எழுத அவர் ஒன்றும் கலெக்டர் இல்லை.) கணவாய் ஆணம், சோறு. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டு ஏப்பம் விட்டுவிட்டுச் சட்டைப்பையிலிருந்து ஒரு மடக்குக் கத்தியை எடுத்துப் பாயில் வைத்து என் பக்கம் தள்ளினார். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று இங்கே யாரும் கொடுப்பதில்லை. வைத்துத்தான் எடுக்க வேண்டும். அப்படி வைத்தும் சண்டை வந்தது, அது வேறு விஷயம்.

“நூல் கட்டு அறுக்கத் தோதா இருக்கும் மச்சான். நம்ம கடையில ஒக்காந்து கட்டைப் பிரிச்சுக் குடுக்கணும், அம்புட்டுத்தேன். ஒத்தக் கை போதும்.”

“ஒத்தக் கையின்னு யாரு சொன்னா? ஒண்ணரை இருக்கு.”

போன வருஷம் நங்கூரக் கயிறு ஓடியபோது இடது கையின் நடு விரல்கள் மூன்றும் அதோடு போயின. பெருவிரலும் சுண்டுவிரலும் மிச்சம். அதிலிருந்து ஊரில் எல்லோருக்கும் என்னை எங்கேயாவது உட்கார வைக்க வேண்டும். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் வேலை, ரேஷன் கடை, இப்போது நூல் கடை. உட்காருவதற்கா நான் பிறந்தேன்?

சி.ம. கோபித்துக்கொண்டு சாயங்கால பஸ்ஸிலேயே போய்விட்டார். கத்தி பாயிலேயே கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். கொம்புக் கைப்பிடி, இரண்டு முனையிலும் பித்தளை. நல்ல அலகு. ஆனால் விறைப்பு என்றால் அப்படி ஒரு விறைப்பு. நகம் மாட்டும் பள்ளத்தில் நகத்தைக் கொடுத்தால் நகம்தான் மடங்குகிறது.

ஜனவரி 9. வியாழன்

வெயில். மீதி வேலி முடிக்கவில்லை. கரைக்குப் போனேன்.

எங்கள் தோணி கரையில் ஏறி நிற்கிறது. அடியில் சுறா எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்கள். அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்றத்தால் இல்லை.

அசனா தண்டலிடம் நேராகக் கேட்டேன். தோணியை ஓட்டுகிறவர் அவர், ஆள் எடுப்பதும் அவர். யாழ்ப்பாணத்துக்கு ஓடு ஏற்றப் போகிறார், அடுத்த வாரம் கடைசியில். சலாம் சொல்லி, “நானும் வாரேன்” என்றேன்.

“விரல் போனா என்னலே, நெறைய பேருக்குப் போயிருக்கு. ஆனா பாய்மரத்துல ஏறி நின்னா ஒன் இடது கை மரத்தைக் கட்டிக்கிறதுக்கே சரியாப் போகும். கயிறு சிக்குனா அறுக்கணும். கத்தியை எவன் திறந்து குடுப்பான்? நம்ம தோணியில கத்தியைக் கைக்குக் கை குடுக்க மாட்டம். வச்சுத்தேன் எடுக்கணும். மேல எங்கன வைக்கிறது, மேகத்துலயா?”

“நீட்டுக் கத்தியை இடுப்புல சொருகிக்கிறேன்.”

“என் தோணியில அது கிடையாது. வயித்துல வாங்கினவனைப் பாத்திருக்கேன். மடக்குக் கத்திதேன். அடுத்த வெள்ளி ஜும்மா முடிஞ்சு வா. ஒத்தக் கையால திறந்து கயித்தை அறுத்துக் காட்டு. ஏறிக்க. முடியலையா, பரமக்குடிக்குப் போ.”

பரமக்குடி விஷயம் அதற்குள் இவருக்கும் தெரிந்திருக்கிறது. என்ன ஊர் இது!

சரி. நூல் அறுக்க வந்த கத்தி கயிறு அறுக்கட்டும்.

ஜனவரி 10. வெள்ளி

ஜும்மாவுக்குப் பிறகு கத்தியும் நானும். வலது கையில் பிடித்துப் பெருவிரலால் மட்டும் தள்ள வேண்டும். அசையவே இல்லை. ஆமினா சொன்னாள்: “பல்லால திறங்களேன்.” திறந்தேன். உதட்டில் ரத்தம். அவளுக்கு ஒரு பக்கம் பதைப்பு, ஒரு பக்கம் சிரிப்பு. பல்லால் திறப்பதை இன்றோடு விட்டேன். தண்டல் முன்னால் எலும்பு கடிக்கிற நாய் வேஷம் போட முடியாது.

எண்ணெய் போடாமல் எது இளகும்? கரைக்குப் போய்ச் சிரட்டையில் சுறா எண்ணெய் வாங்கி வந்தேன். தோணியையே காப்பாற்றுகிற எண்ணெய். அலகு மடங்குகிற கீலில் நன்றாக ஊற்றி, கூரையில் வெயில் படும்படி வைத்திருக்கிறேன்.

ஜனவரி 11. சனி

மடையன் நான். நல்ல மடையன்.

சுறா எண்ணெய் காய்ந்தால் பிசின். அதனால்தானே தோணிக்குப் பூசுகிறோம், பலகை இடுக்கில் தண்ணீர் இறங்காமல் இருக்க! பிறந்தது முதல் பார்க்கிற விஷயம். கத்தியின் கீலையும் அப்படியே அடைத்துவிட்டது. இப்போது இரண்டு கையால் இழுத்தாலும் வரவில்லை. வீடு முழுக்க நாற்றம் வேறு. பூனை மட்டும் கத்தியைச் சுற்றிச் சுற்றி வருகிறது.

டீக்கடையில் யாரோ, என்னைப் பார்க்காமல்: “மொண்டிக்கைக்கு மடக்குக் கத்தி கேக்குதாம்ல.” திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் டீ குடித்தார்கள். நானும் குடித்தேன், முழுசாக, மெதுவாக. நான் ஏன் எழுந்து போக வேண்டும்?

ஜனவரி 13. திங்கள்

நேற்று எழுதவில்லை. நாள் பூராவும் கத்தி.

செய்தது:
மண்ணெண்ணெயில் ஊறப்போட்டது.
பிசினைத் தென்னை ஈர்க்கால் குத்தி எடுத்தது. ஈர்க்கு ஒடிந்து உள்ளே மாட்டியது. அதை எடுக்க ஊசி.
வெந்நீரில் கழுவி அடுப்படியில் காயவைத்தது.
தையல்காரரிடம் மிஷின் எண்ணெய், ஒரே ஒரு சொட்டு.
திற, மடக்கு, திற, மடக்கு. பெருவிரல் தோல் உரிந்தது. துணி சுற்றிக்கொண்டு மறுபடி.

இரண்டு கையால் இப்போது சுகமாகத் திறக்கிறது. ஒரு கையால், இல்லை. குற்றம் கீலில் மட்டும் இல்லை என்று புரிந்தது. அலகு கைப்பிடிக்குள் முழுக்கப் புதைந்து கிடக்கிறது. பெருவிரலுக்குப் பிடிக்க இடமே இல்லை. செய்தவன் இரண்டு கை முழுசாக உள்ளவர்களுக்காகவே செய்திருக்கிறான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனாலும் எரிச்சலாக இருக்கிறது.

ஜனவரி 15. புதன்

பக்கத்து வீட்டில் நேற்றைய பொங்கல் மிச்சம் கொடுத்தார்கள். நெய் தாராளம். இன்று மாட்டுக்குப் பொட்டு வைத்து ஓட்டிக்கொண்டு போகிறார்கள்.

தோணித் தச்சரிடம் அரம் இரவல் வாங்கினேன். எதற்கு என்று சொல்லவில்லை. கைப்பிடியைக் காலிடுக்கில் வைத்து, கொம்பின் விளிம்பை ஒரு பக்கம் மட்டும் பிறை மாதிரி தேய்த்தேன். கொம்பு கருகிய வாசம். அலகின் பக்கவாட்டு கொஞ்சம் வெளியே தெரிந்தது. பெருவிரல் சதை அங்கே போய் உட்கார்ந்தது.

ஆமினா பார்த்துக்கொண்டே நின்றாள். “அண்ணன் வாங்கிக் குடுத்த புதுக் கத்தியை இப்படி நாசம் பண்றீக.”

“ஒங்க அண்ணன் என்னையே நாசம் பண்ணப் பாக்குறாரு.”

“கடையில ஒக்காந்தா நாசமா? எனக்கு நீங்க வீட்டுல இருந்தாப் போதும். அன்னைக்குத் துணியில சுத்திக் கொண்டுவந்தாங்களே, அந்தக் கையை நான்தேன் பாத்தேன். நீங்க மயக்கத்துல கெடந்தீக.”

அவள் சொன்னது சரி. எனக்கும் பயம் இருக்கிறது. கயிறு ஓடுகிற சத்தம் இன்னும் கனவில் வருகிறது. ஆனால் கடைக்குள் உட்கார்ந்து, வருகிறவன் போகிறவன் எல்லாம் கையைப் பார்த்து உச்சுக் கொட்டுவதை நினைத்தால் அதைவிடப் பெரிய பயம். இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை.

ஜனவரி 16. வியாழன்

திறந்தது!

காலை, கிணற்றடி. ஒரு கையால். டக் என்று ஒரு சத்தம். மறுபடி. மறுபடி. நடந்துகொண்டே, குனிந்துகொண்டே, கை ஈரமாக இருக்கும்போதும். தென்னை மரத்தை இடது முழங்கையால் கட்டிக்கொண்டு தொங்கியபடியும் திறந்தேன். மார்பில் சிராய்ப்பு. ஆமினா மஞ்சள் அரைத்துக் கொடுத்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

மீன்: ஊளி. பாதி வறுவல்.

ஜனவரி 17. வெள்ளி

ஜும்மா முடிந்து நேரே கரை. தோணி ஆட்கள் எல்லோரும், வேலையில்லாத கூட்டமும். கரையில் கிடந்த பழைய பாய்மரத்தை நட்டு, கயிறு கட்டி வைத்திருந்தார்கள். அசனா தண்டல் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு.

மரத்தடியில் நின்றபடியே இடது கையால் மரத்தைக் கட்டிக்கொண்டேன். திறந்தேன். கயிற்றை ஒரே இழுப்பில் அறுத்தேன். யாரோ “அல்லாஹ்” என்றார்.

தண்டல் அசையவில்லை. “சரி. மடக்கு.”

“என்ன?”

“மடக்குலே. கடல்ல திறந்த கத்தியோடயா மரத்துலருந்து எறங்குவ? நழுவுனா கீழ நிக்கிறவன் தலையில வாங்கணும்.”

மடக்குவதை நான் ஒரு வேலையாகவே நினைக்கவில்லை. வீட்டில் திறந்து திறந்து, தரையில் அழுத்தி மடக்கிக்கொண்டிருந்தேன். மரத்தில் தரை ஏது? ஒரு கையில் கத்தி, மறு கை மரத்தில். கூட்டத்தில் ஒருவன் இளித்தான். டீக்கடைக் குரல்.

கோபம் வந்தது. ஒரு எட்டுதான் தூரம். மரத்தைக் கட்டிய கையை எடுக்காமலே சாய்ந்து, அலகின் முதுகைத் தண்டலின் தோளில் வைத்தேன். விரல்களை ஒதுக்கிக்கொண்டு ஒரே அழுத்து. டக். மடங்கிவிட்டது.

அசனா தண்டல் தோளில் கை வைத்தவன் இந்தக் கரையில் யாரும் கிடையாது, நான் கத்தியையே வைத்துவிட்டேன்.

அவர் தோளைப் பார்த்தார். சட்டை கிழியவில்லை. என்னைப் பார்த்தார்.

“மேல என் தோளு இருக்காதே, ஏலே?”

“மரம் இருக்கும்ல.”

முதலில் சிரித்தது அவர்தான். பிறகுதான் மற்றவர்கள்.

உண்மையைச் சொன்னால், மரம் அந்த நேரம் ஞாபகத்திலேயே இல்லை. அவர் தோள்தான் கண்ணில் பட்டது. இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை.

ஜனவரி 18. சனி

சி.ம.வுக்குக் கார்டு போட்டேன். கத்தி நன்றாக இருக்கிறது, கடைக்கு வரவில்லை, சலாம். அவ்வளவுதான்.

ஆமினா காலையிலிருந்து பேசவில்லை. சாயங்காலம் என் சட்டையை எடுத்து, வலது பக்கம் உள்ளே ஒரு பை வைத்துத் தைத்தாள். கத்தி நிற்கும் அளவு. போட்டுப் பார்க்கச் சொன்னாள்.

“கத்தி விழுந்தாப் போகட்டும். நீங்க விழுந்துறாதீக.”

ஜனவரி 19. ஞாயிறு. தோணியில்

வாடை. வானம் சுத்தம். ஓடு ஏற்றி முடிந்தது. கரையில் சிலர் இன்னும் என் கையைத்தான் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். மேல்கயிறு முறுக்கிக்கொண்டு நிற்கிறது, பாய் விரியவில்லை. முழுக் கை உள்ளவர்கள் இத்தனை பேர் நிற்கிறார்கள். தண்டல் கத்துகிறார்:

“ஏலே காதர்! எழுதினது போதும். நீ ஏறு.”