மடிப்பு பின்னுக்குத்தான்

மாமா,

கதிரையில் உங்கள் கில்ட் கிடக்கிறது, கால்சட்டைக்குப் பதிலாக நீங்கள் சுற்றிக் கட்டும் அந்த ஸ்கொட்லாந்து உடுப்பு. அதோடு இடுப்பில் தொங்கவிடும் தோல் பையைத் திறந்தேன். இன்னும் உங்கள் பெப்பர்மின்ட் வாசம். நீங்கள் போய் ஒரு வருடமாகிறது, இந்த வாசம் மட்டும் போகமாட்டேன் என்கிறது.

நேராகவே சொல்கிறேன், நேற்றுக் காலை உங்கள் மேல் கோபமாக இருந்தேன். உங்கள் சின்ன மகளின் கல்யாணம். அவளைக் கைபிடித்து மண்டபத்துக்குள் கூட்டிக்கொண்டு போக நீங்கள் இல்லை. "அப்பாவின் உடுப்பைப் போட்டுக்கொண்டு நீ கூட்டிப் போ" என்று உங்கள் மூத்தவள், என் மனைவி, சொல்லிவிட்டாள். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஆனால் அந்தப் பச்சையும் நீலமும் கலந்த கட்டம்போட்ட துணி உங்கள் குடும்பத்துக்கென்றே உள்ளது. உங்கள் ஊர் ஸ்கொட்லாந்தில் அதைப் பார்த்தே இன்ன குடும்பம் என்று சொல்லிவிடுவார்கள் என நீங்களே பெருமையடித்திருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்துப் பெடியன் எனக்கு அதற்குள் என்ன வேலை? கனத்த கம்பளி வேறு. இடுப்புப் பக்கிளை இறுக்கினால் மூச்சு முட்டுகிறது. செத்தவரோடு வாதாடவும் ஏலாது.

என் கல்யாணத்துக்கு முதல் நாள் ஞாபகமா? லண்டனில், உங்கள் ஸ்ட்ரெதம் வீட்டில் இதே கில்ட்டை நீட்டி, "ஒருதரம் கட்டிப் பார்" என்றீர்கள். நான் எஞ்சினியர், விளக்கம் கேட்பேனா? வேட்டிக்கும் சேலைக்கும் கொசுவம் முன்னுக்குத்தானே. அதே கணக்கில் மடிப்பெல்லாம் முன்னால் வரக் கட்டிக்கொண்டு வந்து நின்றேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்று தேத்தண்ணிக்குள் விழுந்தது.

"மடிப்பு பின்னாலே, மகனே. அது உனக்கில்லை, பின்னால் வருகிற ஆட்கள் பார்க்க."

பகிடி என்று விட்டுவிட்டேன். அடுத்த நாள் கோயிலில் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். மறுபேச்சில்லாமல் கழற்றினீர்கள். தோல் பையையும் வாசலிலேயே வைத்தீர்கள். கில்ட்டும் வெறும் மேலுமாக நின்று, ஐயர் எதைச் சொன்னாலும் "ஓம், ஓம்" என்றீர்கள். ஒரு பொட்டுக் கூச்சம் இல்லை உங்களுக்கு.

எனக்கு நிறைய இருந்தது. நேற்று எங்கள் தோர்ண்டன் ஹீத் மாடிவீட்டிலிருந்து இறங்கும்போது லிப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. லிப்ட் திருத்துவதுதான் என் தொழில். இருந்தும் என்ன, உள்ளே நிற்பவனால் மணியை அழுத்திவிட்டுக் காத்திருக்கத்தான் முடியும். கூட நின்றவர் மேல்மாடி அண்ணை, பாரிஸிலிருந்து வந்து இங்கே கடை வைத்திருப்பவர்.

"என்ன தம்பி, பாவாடையோ?"

"கல்யாண உடுப்பு அண்ணை."

"ஏன், லண்டனிலை வேட்டிக்குப் பஞ்சமோ? அதையும் பிழையாக் கட்டியிருக்கிறீர். கொசுவமெல்லாம் பின்னாலை கிடக்கு. திரும்பும், இழுத்துச் சரியாக்கிவிடுறன்."

கையையும் நீட்டிவிட்டார். விலக இடமில்லை, முதுகு சுவரில் முட்டியது.

"விடுங்கோ அண்ணை! மடிப்பு பின்னுக்குத்தான். எங்கடை குடும்பத்திலை அப்பிடித்தான்."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. எங்கடை.

"ஆரின்ரை குடும்பம்?" என்றார் அண்ணை.

"மாமான்ரை. என்ரையும்தான்."

ஒருவழியாக லிப்ட் அசைந்து கீழே வந்தது. கதவு திறந்ததும் அவருக்கு வழிவிட்டேன். அவர் நகரவில்லை.

"நீர் முன்னுக்குப் போம். பின்னாலை எப்பிடி இருக்கெண்டு பாப்பம்."

நடந்தேன்.

"ஓம், வடிவுதான்" என்று பின்னால் குரல் வந்தது.

மண்டபத்தில் சின்னவள் என் கையை நோகப் பிடித்திருந்தாள். பொய் சொல்லமாட்டேன், பக்கிள் அப்போதும் இறுக்கம்தான், மூச்சும் முட்டியது. ஆனால் ஒருதரமும் குனிந்து பார்க்கவில்லை. மடிப்பு எனக்கில்லையே.

கில்ட்டைத் திரும்பப் பெட்டிக்குள் வைக்கவா என்று உங்கள் மூத்தவள் கேட்கிறாள். அலமாரியில் என் வேட்டிக்குப் பக்கத்தில் கொழுவச் சொல்லிவிட்டேன். அந்தப் பைக்கு நாளைக்கு ஒரு பெப்பர்மின்ட் பக்கற் வாங்கவேண்டும்.