மருந்து ஊற்றிய நாளும் ஊற்றாத நாளும்

மார்ச் 3, திங்கள்

லிட்டருக்குப் பதினாறே முக்கால் கிலோமீட்டர்! மருந்து இல்லாமல் போன வாரம் பதினாலைத் தாண்டவில்லை. அதே கார், அதே பாதை, அதே பங்க். போகும்போதும் டேங்கை விளிம்பு வரை நிரப்பினோம், வந்த பிறகும் நிரப்பினோம். இவர் பங்கிலேயே சின்னப்பிள்ளை மாதிரி குதித்தார். "பதினேழுன்னே சொல்லேன், யார் கேக்கப் போறா?" என்றார். நான் பதினாறே முக்கால் என்றுதான் சொல்வேன். ஊர் வாயை அடைக்க அதுவே போதும்.

முக்கியமாக அண்ணன் வாயை. இவர் பெயின்ட் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, பெட்ரோலில் கலக்கும் மருந்து ஒன்றைப் பின்னறையில் தயாரிக்கத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து அண்ணன் தன் ஒர்க் ஷாப்புக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எங்க மாப்பிள்ளைக்கு கார் ஓட்டத் தெரியாது, ஆனா காருக்கு வைத்தியம் பாப்பாரு" என்று சொல்லிச் சிரிக்கிறானாம். சிரிக்கட்டும். ஓட்ட நான் இருக்கிறேன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள் நான். கிளட்சை மிதி என்றால் கண்ணை மூடிக்கொள்கிறவர்களையே மெயின் ரோட்டில் ஓட்ட வைத்தவள்.

மார்ச் 6, வியாழன்

புகைப் பரிசோதனைக்குப் போனோம். மருந்து ஊற்றும் முன் எடுத்த அளவில் பாதிகூட இல்லை! இவர் அந்தச் சீட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டார். சோதிக்கிற பெண் மட்டும் சைலன்சரிலிருந்து குழாயை உருவிக்கொண்டே, "போன தடவை வீட்லேர்ந்து நேரா வந்தீங்க, பக்கத்துத் தெருதானே? இன்னைக்கு ஊர் சுத்திட்டு வர்றீங்க. இன்ஜின் நல்லா சூடாயிட்டா தானா குறையும்க்கா" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "உன் வேலையைப் பாரும்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஆளாளுக்கு மெக்கானிக் ஆகிவிட்டார்கள்.

மார்ச் 12, புதன்

டீலர் வீட்டுக்கு வந்தார். நகரம் முழுக்க உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். எல்லாக் கடையிலும் மருந்தை விற்கிறேன் என்கிறார். ஒரே நிபந்தனை, டப்பாவில் என் படமும் நான் எடுத்த மைலேஜும் இருக்க வேண்டும். "டிரைவிங் டீச்சரே ஓட்டிப் பாத்துச் சொல்றாங்கன்னா ஜனங்க கண்ணை மூடிட்டு வாங்குவாங்க மேடம்." இருபத்தொன்பதாம் தேதி வந்து, காரில் கூடவே உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவாராம். இவர் முகத்தில் இப்படி ஒரு சிரிப்பைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று!

சாயங்காலம் அண்ணன் ஒர்க் ஷாப்புக்குப் போய்ச் சொன்னேன். வேண்டுமென்றேதான் போனேன். அவன் சிரிக்கவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

"உன் படத்தையா போடுறாங்க? அப்ப ஒழுங்கா பாத்துக்கோ. மருந்து ஊத்துறது அவரு, ஓட்டுறது நீ. ரெண்டு பேருக்கும் அது ஜெயிக்கணும். அஞ்சு நாள் காலையில வண்டியை எங்கிட்ட விடு. டேங்கைக் காலி பண்ணி நான் நிரப்பித் தர்றேன். மருந்து போட்டாலும் போடுவேன், போடாமலும் விடுவேன். சொல்லமாட்டேன்."

"அஞ்சு என்ன, அம்பது நாள் வெச்சுக்கோ. ஆனா நீ தோத்தா அவர்கிட்ட மன்னிப்பு கேக்கணும். உன் ஆளுங்க முன்னாடி."

"கேக்குறேன்."

மூக்கை உடைக்கிறேன் பார்.

மார்ச் 17, திங்கள்

வண்டி கைக்கு வந்ததுமே தெரிந்துவிட்டது, மருந்துதான். அண்ணனிடமே சொன்னேன். "ஓட்டிட்டு வா" என்றான். பதினாறரை.

மார்ச் 18, செவ்வாய்

இன்று வெறும் பெட்ரோல். சத்தத்திலேயே தெரிகிறது. பதினாலு.

மார்ச் 19, புதன்

மருந்து! சத்தியம் பண்ணுவேன். பதினேழு!

மார்ச் 20, வியாழன்

மருந்து இல்லை. சிக்னலில் கிளம்பும்போதே இழுக்கவில்லை. பதினாலே கால். எதை ஊற்றினாலும் கண்டுபிடித்துவிடுகிறேன் என்று இவரிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

மார்ச் 21, வெள்ளி

மருந்து. பதினாறே முக்கால். மன்னிப்பு கேட்க வாய் வராவிட்டால் நானே வசனம் எழுதித் தருகிறேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 22, சனி

எழுதவே பிடிக்கவில்லை.

அண்ணன் தினமும் பூவா தலையா போட்டுப் பார்த்துத்தான் ஊற்றினானாம். திங்கட்கிழமை மருந்து இல்லை. செவ்வாய் மருந்து. புதன் இல்லை. அந்தப் பதினேழு வெறும் பெட்ரோல்! வியாழன் மருந்து. வெள்ளி ஒன்றுதான் நான் சொன்னது சரி.

"நீ மருந்துன்னு சொன்ன அன்னைக்கெல்லாம் மைலேஜ் வந்திருக்கு. இல்லன்னு சொன்ன அன்னைக்கெல்லாம் வரல. நீ சொல்றது பெட்ரோலுக்குக் காது கேக்குமா? உன் கால்தான்."

பொய் சொல்கிறாய் என்று கத்தினேன்.

நானா? நான் ஏமாத்துனேனா? யாரை? எனக்கே தெரியாதே!

மார்ச் 23, ஞாயிறு

தனியாகப் போனேன். வெறும் பெட்ரோல். முதல் சுற்று எப்போதும் போல ஓட்டினேன், பதினாலு. இரண்டாவது சுற்றில், இது இவர் செய்த மருந்து, இது ஜெயித்தே ஆக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, என் காலை மட்டும் கவனித்தேன். சிக்னல் சிவப்பாகும் முன்பே ஆக்ஸிலேட்டரை விட்டுவிடுகிறது. மேட்டில் அவசரப்படுவதில்லை. பிரேக்கைத் தொடுவதே அபூர்வம். மாணவர்களுக்கு நான் தொண்டை வற்றச் சொல்லிக்கொடுத்துவிட்டு, நானே செய்யாத அத்தனையும்.

பதினேழே கால்.

காரை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். பிறகு அந்தப் புகைப் பரிசோதனைப் பெண் ஞாபகம் வந்தாள். அவள் சொன்னதும் சரியாகத்தான் இருக்கும்.

மார்ச் 24, திங்கள்

இவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "உங்க அண்ணன் சொல்லிக் குடுத்தானா?" என்றார். அப்புறம், "ஒரு படம்தானே கேக்குறாங்க? உனக்கு என்ன நஷ்டம்?" என்றார். கடைசியில், "எல்லாரும் சேந்து என்னைக் கவுத்துட்டீங்க."

எல்லாரும். நானும் அதில் ஒருத்தி.

விடவில்லை நான். "எங்கிட்ட ஓட்டக் கத்துக்கிட்டவ ஒருத்தி என் மூஞ்சியப் பாத்து அந்த டப்பாவ வாங்குவா. அவளுக்கு நான் என்ன பதில் சொல்றது? ஊரே சிரிச்சப்ப உங்க கூட நின்னேன். இப்பவும் நிக்கிறேன். ஆனா பொய்க்குத் துணையா நிக்கமாட்டேன்." தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். பின்னறைக் கதவு சாத்தியே கிடக்கிறது.

மார்ச் 27, வியாழன்

பேச்சு இல்லை. "சாவி எங்கே?", "ஆணியில." அவ்வளவுதான்.

மார்ச் 29, சனி

டீலர் புது டப்பாவோடு வந்தார். என் படம் போட வேண்டிய இடத்தில் ஒரு காலி வட்டம். இவர் என்னைப் பார்க்காமலே டேங்கில் மருந்தை ஊற்றினார். சாவியை எடுத்து டீலரிடம் நீட்டினேன்.

"நான் ஓட்டமாட்டேன் சார். நீங்க ஓட்டுங்க. மருந்து நல்ல மருந்துன்னா யார் ஓட்டினாலும் வரணும் இல்லையா?"

இவர் தடுக்கவில்லை. டீலர் சிரித்துக்கொண்டே வாங்கினார். அப்பப்பா, என்ன ஓட்டு! சிக்னலுக்குச் சிக்னல் சீறிப் பாய்ந்து சடக்கென்று பிரேக். பின்சீட்டில் நானும் இவரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தோம். பங்குக்குப் போய் நிரப்பிப் பார்த்தால் பன்னிரண்டு.

அந்த மனிதர் அசரவில்லை. "என் ஓட்டு அப்படித்தான். இதை விடுங்க, மேடம் எடுத்த நம்பரையே டப்பாவுல போட்டுக்கலாம். யார் கேக்கப் போறா?"

இவர் டப்பாவைக் கையில் வாங்கி அந்தக் காலி வட்டத்தைப் பார்த்தார்.

"நான் கேப்பேன் சார்" என்றார். "அது மருந்தோட நம்பர் இல்ல. அவ காலோட நம்பர்."

டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வீடு வரை இருவரும் நடந்தே வந்தோம். காரைப் பங்கிலேயே மறந்துவிட்டோம் என்று வாசலில்தான் உறைத்தது.

ஏப்ரல் 20, ஞாயிறு

இவர் பெயின்ட் கம்பெனிக்குத் திரும்பப் போய் இரண்டு வாரம் ஆகிறது. பின்னறையைக் கழுவிவிட்டார். போன ஞாயிறு அவராகவே, "எனக்கும் ஓட்டச் சொல்லிக் குடு" என்றார். அண்ணனுக்கு எப்படியோ தெரிந்து, "போச்சு, இனி மாப்பிள்ளைய எதச் சொல்லிக் கிண்டல் பண்றது?" என்று வருத்தப்பட்டானாம்.

இன்று முதல் முறையாக மெயின் ரோடு. கிளட்ச் என்றால் பிரேக், பிரேக் என்றால் ஹாரன். என் உயிர் என்னிடம் இல்லை. அதிலும் ஒரு பிடிவாதம், மைலேஜ் பார்த்தே ஆக வேண்டுமாம். பங்கில் அவரே இறங்கி நின்று விளிம்பு வரை நிரப்பினார். கணக்குப் போட்டால் ஒன்பதே முக்கால்.

பாவமாக இருந்தது. "பத்துன்னு வெச்சுக்குவோமே" என்றேன்.

"வேண்டாம். வந்ததச் சொல்லு" என்றார்.