துண்டுக்கு வெளியே

1956 ஏப்ரல் 3
என் வீட்டுக்காரர் வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்து படுத்துவிட்டார். வீடு நிறையப் புளி மூட்டை, என் நகையை விற்று வாங்கியது. மழைக்கு முன் நாராயணப்பனின் குடோனில் ஏற்றாவிட்டால் கறுத்துப்போகும். அந்தக் குடோனும் போன வருஷம் ஒழுகிப் பாதிப் புளி கெட்டது. "மழைக்கு நானாம்மா பொறுப்பு?" என்று கேட்டவர் நாராயணப்பன்.

ஏப்ரல் 6
குடோனுக்குப் போனேன். நாராயணப்பன் துண்டைக் கையில் எடுத்தார், என்னைப் பார்த்து மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். இங்கே வாடகையை வாயால் சொல்வதில்லை. கைகளைத் துண்டால் மூடி விரலைப் பிடித்துப் பேசுவார்கள், ஒரு விரலுக்கு ஓரணா. யாருக்கு எவ்வளவு என்று பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியாது. என் விரலை எப்படிப் பிடிப்பார்? "வூட்லருந்து ஆம்பள யாரையாச்சும் அனுப்புமா."

புளி என்னுது, விரல் மட்டும் எவனுதோவா?

ஏப்ரல் 7
தளிப் பக்கம் மேகம். பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 8
சந்தை நாள். ஜமீர் அகமது பாயும் புளி வியாபாரிதான். "உனக்குப் பதிலா நான் வெரல் புடிக்கறேன், தங்கச்சி" என்றார். நல்ல மனுஷன். "வேணாம் பாய், கூட வந்து நில்லுங்க, போதும்" என்றேன்.

வியாபாரிகள் எல்லாரும் குடோன் வாசலில் இருந்தார்கள். "துண்டு வேணாங்க, வாயால சொல்லுங்க" என்றேன் நாராயணப்பனிடம். வாடகையை வாயால் சொல்லிப் பழக்கமே இல்லாத மனிதர். "மூட்டைக்கு மாசம் மூணணா. போன வருஷம் உன் வூட்டுக்காரருக்குப் போட்டதேதான்" என்று உரக்கச் சொல்லிவிட்டார்.

பாய் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "எனக்கு அஞ்சு வெரல் புடிச்சீங்களே, அண்ணா?" இன்னொருவர், "எனக்கு நாலு" என்றார். கூட்டம் நெருங்கியது.

"எல்லாருக்கும் மூணணா போடுங்க. ஒழுகி நனைஞ்சா நஷ்டம் உங்களோடது. இல்லன்னா எல்லாரும் கிருஷ்ணகிரி குடோனுக்கு வண்டி கட்டறோம்" என்றேன். எல்லாருக்குமாகப் பேச எனக்கு யார் உரிமை தந்தது? ஒருவரும் மறுக்கவில்லை.

நாராயணப்பன் நெற்றியைத் தேய்த்தார். "ஆகட்டும்மா."

ஜெயித்துவிட்டேன். வீடுவரை கால் தரையிலேயே படவில்லை.

ஆகஸ்ட் 19
ராத்திரி முழுக்க மழை. காலையில் போனால் நாராயணப்பனே குடோன் கூரைமேல் ஏறி ஓடு மாற்றிக்கொண்டிருக்கிறார், கன்னடத்தில் வானத்தைத் திட்டியபடி. ஒரு மூட்டைகூட நனையவில்லை. சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டேன்.

1957 மார்ச் 10
புதுப் புளி வந்தாயிற்று. அவருக்குக் கால் தேறிவிட்டது. சலவைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "கெளம்பு, குடோன் பேசிட்டு வரலாம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இனி அவர் விரல்தானே பேசும்? கூடவே போனேன்.

நாராயணப்பனுக்கு நிம்மதி. துண்டை விரித்துக் கையை நீட்டினார். இவர் நீட்டவில்லை. தன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவகிட்ட பேசுங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி" என்றார்.