இரண்டு மெயின்

பரமத்தி வேலூர்
3.2.1986

அன்புத் தம்பி பாலசுந்தரத்துக்கு,

அக்கா எழுதுவது. தோட்டத்துச் சாளை வீட்டில் தங்கிக்கொண்டு புது வீட்டு வேலையைப் பார்த்து வருகிறேன். சுகம்தான். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

நீ அனுப்பிய வயரிங் படத்தை ஒயர்மேன் ரங்கன் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்துவிட்டான். எனக்கு எப்படிப் பிடித்தாலும் விளங்கவில்லை. நாலு அறை வீட்டுக்கு இரண்டு மெயின் சுவிட்ச் ஏன்? எர்த் குழி இரண்டு ஏன்? மொட்டை மாடியிலிருந்து வயரே இல்லாத குழாய் எதற்கு?

"ஏனுங்க, ரெண்டு மெயினுன்னா ரெண்டு குடித்தனந்தானுங்களே?" என்று ரங்கன் கேட்டான். நான் காபி போடப் போய்விட்டேன். மாதக் கடைசியில் பூச்சு வேலை. விவரமாக எழுது.

உன் அக்கா
சௌந்திரம்

பெங்களூர்
9.2.1986

அன்புள்ள அக்காவுக்கு,

லேபில் வேலை நெருக்குகிறது. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். படத்தில் உள்ளபடியே செய்யச் சொல்லுங்கள். இப்போது இருப்பது ஒரு பக்கம், பின்னால் வரப்போவது இன்னொரு பக்கம். இரண்டும் ஒன்றோடொன்று சேரவே கூடாது. சட்டம் அப்படி. இன்றைக்கே இடம் விடாவிட்டால், வந்த பிறகு சுவரை இடிக்க வேண்டிவரும். குழப்பிக்கொள்ளாதீர்கள்.

தம்பி
பாலு

ராசிபுரம்
17.2.1986

தம்பிக்கு,

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். பின்னால் வரப்போவது யார் என்று மட்டும் நீ எழுதவில்லை. கூட வேலை பார்க்கும் பெண்ணைப் பற்றிப் பொங்கலுக்கு வந்தபோது ஓயாமல் பேசினாய். அவளும் நானும் சேரக் கூடாது என்று நீயே முடிவு கட்டிவிட்டாய். அதற்குச் சட்டம் வேறு இருக்கிறதா?

புருஷன் வேண்டாம் என்று திரும்பி வந்தவளுக்கு உன் வீடுதான் வீடு என்று நினைத்திருந்தேன். நீ சொல்லி நான் கிளம்புவதைவிட நானே கிளம்புவது மரியாதை. என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த மயிலம்மாள் இங்கே தன் வீட்டில் ஒரு அறை கொடுத்திருக்கிறாள். சாவி ரங்கனிடம். உன் படத்தின்படியே செய்யச் சொல்லியிருக்கிறேன். கோபத்தில் எழுதுகிறேன், அழுதுகொண்டும்தான்.

சௌந்திரம்

பெங்களூர்
21.2.1986

அக்கா,

பின்னால் வரப்போவது ஆள் இல்லை. வெயில்.

எங்கள் லேபில் செய்கிற பலகை வெயிலை மின்சாரமாக்கும். இதை உங்களிடம் முன்பே சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டு எழுதிவிட்டேன். இன்று அது நம்மால் தொட முடியாத விலை. பத்து வருஷத்தில் குறையும். அப்போது மாடியில் பலகையை வைத்து, அந்தக் காலிக் குழாய் வழியாக வயரை இறக்கிவிடலாம். வெளியே லைனை நிறுத்தியிருக்கும்போது நம் கரண்ட் அதற்குள் திரும்பிப் போனால், கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் செத்துப்போவார். சேரக் கூடாது என்றது அந்த இரண்டு கரண்டைத்தான்.

பழைய வீட்டில் கரண்ட் போகும்போதெல்லாம் நீங்கள் விசிறியும் கையுமாக உட்கார்ந்திருப்பீர்கள். அதை நினைத்துத்தான் அந்தப் படமே போட்டேன். அம்மா போன பிறகு என்னை ஆளாக்கியவர் நீங்கள். உங்களை விலக்க நான் யார்? எனக்கு இங்கே வேலை ஓடவில்லை. வீட்டுக்குப் போங்கள் அக்கா.

பாலு

ராசிபுரம்
26.2.1986

அன்புத் தம்பிக்கு,

வெயில் புரிந்தது. லைன்மேனும் புரிந்தது. மயிலம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் இத்தனை எழுதிய நீ அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அப்படி எதுவும் இல்லை என்றும் எழுதவில்லை. இப்போது அதுதான் குழப்பம். உண்டென்றால் சொல்லிவிடு சாமி. அவள் வந்தால் என்னை எங்கே வைப்பாளோ என்ற பயம் எனக்கு இருக்கிறது, மறைக்கவில்லை. அதற்காக நீ தனியாக நிற்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிறேன். பூச்சு வேலையை ஒரு வாரம் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டேன். சமையலறை சுவிட்ச் எந்த உயரத்தில் வேண்டும் என்று அவளைக் கேட்டு எழுது. என்னைவிட உயரமா அவள்?

அக்கா
சௌந்திரம்