அடுப்படிச் சுவரில் ஒட்டிய காகிதம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், அம்மாவும் இப்போது நன்றாக இருக்கிறாள், நீயும் மாப்பிள்ளையும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். இந்தக் கோணல் எழுத்தைப் பார்த்து யாரோ என்று நினைத்துவிடாதே, நானேதான். மூன்று மாதமாக நூலகத்து மாடியில் சாயங்கால வகுப்புக்குப் போகிறேன். உன்னிடம் சொல்ல வேண்டாம், ஒரேயடியாகக் கடிதமாகப் போகட்டும் என்று வாயை அடக்கி வைத்திருந்தேன். இந்த ஒரு பக்கத்துக்கு நான்கு நாள் ஆகும் போலிருக்கிறது. அதனால் என்ன, நான்கு நாளும் உன்னோடு பேசிக்கொண்டிருந்த மாதிரிதானே.

அம்மா "இப்போது" நன்றாக இருக்கிறாள் என்று எழுதியதைப் பார்த்துப் பதறாதே, முழுவதும் படி. ஞாயிற்றுக்கிழமை அவள் எப்படிச் சாப்பிடுவாள் என்று உனக்கே தெரியும். பன்னிரண்டரைக்கு இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு, தட்டில் பரிமாறி மூடி வைத்துவிட்டு, தண்ணீர் ஜக்கின் மேல் போனைச் சாய்த்து வைத்து உட்காருவாள். ஒரு மணிக்கு நீ கூப்பிடுவாய். உனக்கு அங்கே காலைப் பலகாரம், அவளுக்கு இங்கே மதியச் சாப்பாடு, நீ ஒரு வாய் அவள் ஒரு வாய். போன ஞாயிறு உங்கள் ஊரில் குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்களாமே, அது எங்களுக்குத் தெரியாது. உன் கடிகாரத்தில் எட்டரை ஆகும்போது இங்கே இரண்டு ஆகிவிடும் என்று நாங்கள் கண்டோமா? ஊசி மட்டும் பன்னிரண்டரைக்கே போட்டாகிவிட்டது. சாப்பிடு என்று இரண்டு தடவை சொன்னேன். பாப்பா வந்துடட்டும் என்றாள், நீ ஏதோ தெருமுனையில் திரும்பி வந்துகொண்டிருப்பது போல.

ஒன்றரை மணிக்கு மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தபடி அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. நாற்காலியை ஏன் அங்கே போட்டீர்கள் என்று என்மேல் எரிந்து விழுந்தாள். அவள் என்னைத் திட்டுவது புதிதா என்ன, அதனால் நான் கண்டுகொள்ளவில்லை. பிறகு வாசலையே பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள், "ஏங்க, பாப்பா இன்னும் ஸ்கூல் விட்டு வரலையா?"

அம்மாடி, சர்க்கரை ஏறிப்போய்த்தான் இப்படி உளறுகிறாள் என்று நினைத்து, இன்னொரு ஊசி போட்டுவிடலாம் என்று பிரிட்ஜைத் திறந்தேன். பெயிண்ட் அடித்த காலத்தில் டப்பாவை மூடியின் நிறம் பார்த்து எடுத்தவன் நான், மருந்தையும் அப்படித்தான் எடுப்பேன். புட்டி கைக்கு வந்துவிட்டது. பிரிட்ஜுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு காகிதம் இருக்கிறதே, இரண்டு வருஷத்துக்கு முன் நர்ஸம்மா கொடுத்து நான் ஒட்டியது. அன்று அவர் விளக்கிச் சொன்னதெல்லாம் வீடு வந்து சேர்வதற்குள் மறந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தச் சுவருக்கு இரண்டு முறை பெயிண்ட் அடித்தேன், இரண்டு முறையும் காகிதத்தின் மேல் ஒரு சொட்டுப் படாமல் சுற்றிச் சுற்றி அடித்தேனே தவிர அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அன்று கண் தானாக அதில் போய் நின்றது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். வியர்வை. நடுக்கம். எரிச்சல். குழப்பமான பேச்சு. இவை சர்க்கரை குறைந்ததற்கு அடையாளம் என்று போட்டிருந்தது. ஏறியதற்கு இல்லை, குறைந்ததற்கு. ஊசி போடக் கூடாது, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுக்க வேண்டும், நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். புட்டியை அப்படியே உள்ளே வைத்தேன்.

விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் சர்க்கரையைக் கரைத்து நீட்டினால், சர்க்கரை வியாதிக்காரிக்கே சர்க்கரையா, என்னை ஒரேயடியா அனுப்பிவைக்கப் பாக்குறீங்களா என்று தம்ளரைத் தள்ளுகிறாள். கெஞ்சி, அதட்டி, பாப்பா குடிக்கச் சொன்னாள் என்று ஒரு பொய்யும் சொன்னேன். அதற்குத்தான் குடித்தாள். கால் மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தேன், எழுபத்தெட்டு, ஆபத்தைத் தாண்டிவிட்டது. உடனே தட்டைத் திறந்து சாப்பிட வைத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் நிமிரவும் உன் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. நான் சாப்பிட்டாச்சுடி, நீ சாப்பிடு என்றாள். எனக்காக இருக்கலையாம்மா என்று நீ கேட்டாயே, குரல் இறங்கிப்போயிற்றே, அதைக் கேட்ட பிறகு எனக்கு எதுவும் இறங்கவில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன். உன்னிடம் எதுவும் சொல்லக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறாள். சொல்லத்தான் கூடாது, எழுதக் கூடாது என்று அவள் கேட்கவில்லை.

உன் மேல் குற்றம் இல்லை கண்ணு. கூப்பிடுவதை நிறுத்திவிடாதே, ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் அவள் மற்ற ஆறு நாளையும் தள்ளுகிறாள். நானும்தான். ஊசி போட்டால் அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும், யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது என்று மறுநாள் டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். நேற்று முழுக்க யோசித்து அவளே ஒரு வழி சொன்னாள். ஒரு மணிக்குச் சாப்பிட்டுவிடுவாளாம், கடைசி ஒரு வாயை மட்டும் தட்டில் வைத்திருப்பாளாம். நீ கூப்பிட்ட பிறகு அதை உன்னோடு சாப்பிடுவாளாம். டாக்டரைக் கேட்டேன், சிரித்துக்கொண்டே சரி என்றார்.

இன்னொன்று. தாகம் அடங்கவே மாட்டேன் என்கிறது, உடம்பும் இளைத்துவிட்டது என்று அன்று சிரித்துக்கொண்டே சொன்னாய். அம்மாவுக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது, வெயில் என்று விட்டுவிட்டோம். நீ விடாதே. இந்த வாரமே ரத்தம் கொடுத்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுது. போனில் சொல்லாதே, எழுது. நானே படிக்கிறேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறாண்டு இருக்க வேண்டும். ஞாயிறு இரண்டு மணிக்குத் தட்டில் ஒரு வாய் ஆறிக்கொண்டிருக்கும், மறந்துவிடாதே.

உன் மதிப்பெண் அட்டையில் எல்லாம் கட்டைவிரல் வைத்த,
அப்பா