சாப்பிடச் சொல்ல ஆளில்லாத இடம்

சென்னை
1-2-1962

அன்புள்ள அய்யாவுக்கு,

மகள் ஒச்சம்மாள் வணக்கம். நான் சுகம். உங்கள் இருமல் தேவலையா? "அம்புட்டுப் பெரிய பல்கலைக்கழகம் நம்ம பிள்ளைக்கு ஒத்துவருமா?" என்று பார்த்துவர அனுப்பினீர்கள். எதையும் மறைக்காமல் உள்ளபடி எழுதுகிறேன்.

நேற்று விடுதியில், விருந்தாளிதானே, யாராவது சாப்பிடச் சொல்லட்டும் என்று இலை முன்னால் காத்திருந்தேன். நூற்றுக்கணக்கான பெண்கள் சாப்பிட்டு எழுந்து போனார்கள். கடைசியில், என்னைத் தன் அறையில் தங்கவைத்திருக்கும் பேச்சி மதினி வந்தாள்.

"ஏண்டி, வெஞ்சனம் பிடிக்கலையா?"

"யாரும் சாப்பிடுன்னு சொல்லலையே, மதினி."

"அது சரி. இம்புட்டுப் பேருக்கும் யாரு வெத்தலபாக்கு வச்சு அழைக்கிறது?"

சிரித்துக்கொண்டே ரசம் ஊற்றினாள். ஆறிய சோறு, பாதிதான் இறங்கியது.

இன்று நூலகத்துக்குப் போனேன். காலையில் எடுத்த புத்தகத்தோடு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தேன். "படிச்சது போதும், எந்திரி" என்று ஒருவரும் கூப்பிடவில்லை. நேற்று எதனால் சோறு இறங்கவில்லையோ, அதனாலேயே இன்று எழுந்துவர மனமில்லை.

அய்யா, என்னை இங்கேயே சேர்த்துவிடுங்கள். வரும்போது அம்மாவிடம் நாரத்தங்காய் ஊறுகாய் வாங்கிவாருங்கள். சேர்ந்த பிறகு கடிதம் எழுதினால், எதை விட்டாலும் "சாப்டியா" என்று ஒரு வரி கேட்டுவிடுங்கள். இன்னும் எழுத இருக்கிறது, விளக்கை அணைக்கப் போகிறார்கள்.

ஒச்சம்மாள்